கரி பிடிக்காத மருந்து

அன்று சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி சுகந்தி நிலத்தில் குந்தியிருந்து, அலுமாரியிலிருந்து இழுத்தெடுத்த லாச்சி ஒன்றைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். பழைய பற்றரிகள், நூல் பந்து, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத திறப்புகள் எல்லாம் அவளைச் சுற்றிப் பரவிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் என்னுடைய கறுப்பு ரோச் லைற்.

"உது ஏன் இஞ்ச கிடக்கு?" என்று கேட்டேன்.

"நான்தான் எடுத்தனான். டிஷ்வோஷருக்குக் கீழ தண்ணி ஒழுகினதெல்லே, அதைப் பாக்க."

"எப்ப எடுத்தனீர்?"

"போன கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம். அண்டையிலயிருந்து இந்த லாச்சிக்குள்ளதான் கிடக்கு. ஏன், தேடினனீங்களோ?"

நான் தேடவில்லை. அதுதான் பிரச்சினை.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பேஸ்மென்றில் இருந்து ஐம்பது துவக்கு ரவைகளை நானே செய்தேன். ஒவ்வொன்றையும் மூடுமுன் அந்த ரோச் லைற்றை அடித்து உள்ளே எவ்வளவு மருந்து கிடக்கிறது என்று பார்த்தேன் என்று ஆறு நாட்களாக நம்பிக்கொண்டிருந்தேன். ரோச் லைற்றோ வெள்ளிக்கிழமை தொடக்கம் இந்த லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் நான் பார்க்கவில்லை.

அந்த ஐம்பது ரவைகளும் இப்போது என் நண்பன் ரூபனிடம் இருந்தன. பத்து மணிக்கு அவன் அவற்றைச் சுடப் போகிறான்.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். பாதி மேசையில் ஊற்றுப்பட்டது.

இதுவரை எழுதாத காரணம்

இந்தத் தொடரில் கோயிலைப் பற்றி எழுதிவிட்டேன். பிறம்ரனில் பதினாறு வருடம் வேலை செய்த வெயார்ஹவுஸைப் பற்றி எழுதிவிட்டேன். வந்த புதிதில் பனியில் சறுக்கி விழுந்து இரண்டு பேர் தூக்கிவிட்ட கதையைக்கூட விடவில்லை. துவக்குப் பற்றி மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன், இங்கே வந்து சனிக்கிழமைகளில் துவக்குச் சுடப் போகிறான் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஊரில் இருக்கும் என் தமக்கைக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துவிடும்.

வெயார்ஹவுஸில் கூட வேலை செய்த ஒருவன்தான் எங்களை முதன்முதல் கிளப்புக்குக் கூட்டிப் போனான். எங்களை என்றால் என்னையும் ரூபனையும். ரூபன் மட்டக்களப்பான். அந்த நேரம் என்னோடு ஒரே ஷிஃப்ற். இப்போது பெரிய லொறி ஓடுகிறான். அவன் விளையாட்டாகப் போனான். நான் அவனைத் தனியே விடக்கூடாது என்று போனேன்.

அன்று கைத்துவக்கைப் பிடித்தபோது என் உள்ளங்கை வேர்த்து வழிந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகத் துவக்கின் வாய் என்னைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உணர்வு எனக்குப் பிடித்திருந்தது. இதைவிட மரியாதையான காரணம் என்னிடம் இல்லை.

பிறகு வகுப்பு, சோதனை, லைசென்ஸ், பூட்டிய பெட்டி, வீட்டிலிருந்து கிளப், கிளப்பிலிருந்து வீடு என்று எல்லாம் சட்டப்படி. இப்போது இந்த நாட்டில் என்னைப் போன்றவர்கள் புதுக் கைத்துவக்கு வாங்கவும் ஏலாது, இருப்பதைக் கைமாற்றவும் ஏலாது. இருப்பதை வைத்துச் சுடலாம். எனக்கும் ரூபனுக்கும் ஆளுக்கொன்று, ஒரே அளவு ரவை போடுகிற வகை.

ரவையை நாங்களே செய்துகொள்வதும் அந்தப் பொழுதுபோக்கில் ஒரு பகுதி. சுட்டதும் கீழே விழுகிற வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவ வேண்டும். அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப் வைத்து, உள்ளே அளவாக மருந்து போட்டு, மேலே ஈயச் சன்னத்தை அழுத்தி மூடினால் அது திரும்பவும் ரவை. மருந்து என்று நான் சொல்வது வெடிமருந்தை. மிளகு அரைத்ததைப் போல, சின்னச் சின்னச் செதில்களாக இருக்கும்.

அளவு குறைந்தால் சன்னம் குழலுக்குள் சிக்கும். அளவு இரண்டு மடங்கானால் துவக்கே கைக்குள் வெடிக்கலாம். விரல் போகலாம், கண் போகலாம்.

சுகந்தியின் நிபந்தனை

சுகந்திக்கு அந்த மணம் ஏலாது. பதினொரு வயதில் பங்கருக்குள் இருந்தவள். எங்கள் தலைமுறையில் அது ஒன்றும் புதினமில்லை. ஆனால் அவளுக்கு வெடிச்சத்தம் அவ்வளவாக நினைவில் இல்லை, மணம்தான் நினைவிருக்கிறது. தலைமயிரில் மூன்று நாள் நின்றதாம். சீயாக்காய் போட்டுத் தோய்ந்தும் போகவில்லையாம். இதை அவள் எனக்குச் சொன்னதே கல்யாணம் முடித்துப் பல வருடங்களுக்குப் பிறகு.

நான் கிளப்பில் சேரப்போகிறேன் என்றபோது அவள் சண்டை பிடிக்கவில்லை.

"நான் மறிக்கேல்லை, போங்கோ. ஆனா அந்த மணத்தை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ."

நானும் என்னால் ஆனதெல்லாம் செய்தேன். கராஜில் உடுப்பு மாற்றினேன். தேசிக்காய்ப் பாதியால் விரல்களைத் தேய்த்தேன். ஜக்கெற்றைப் பையில் போட்டுக் கட்டினேன். அப்படியிருந்தும் சில சனிக்கிழமைகளில் நான் சோபாவில் வந்து இருந்தவுடன் அவள் எழும்பி மற்ற அறைக்குப் போவாள். அங்கே போய்க் காயாத உடுப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருப்பாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை வந்திராது.

அப்போதுதான் நான் மருந்தை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

மூன்று டப்பா

நான் ஆரம்பத்திலிருந்து பாவித்த மருந்து நல்ல மருந்துதான், ஆனால் ஊத்தை. நான் மெதுவாகச் சுடுகிறவன். மெல்லிய அளவுதான் போடுவேன். அந்த அளவுக்கு அது முழுதாக எரிவதில்லை. மிச்சம் கரியாகவும் எரியாத செதிலாகவும் கையில், முகத்தில், சட்டைக் கையில் ஒட்டும். துவக்குத் துடைப்பதற்குப் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருப்பேன். ஒருதரம் குழலுக்குள் விட்டெடுத்தால் அந்தத் துண்டு அடிப்பிடித்த சட்டி துடைத்த துணியாகத்தான் வெளியே வரும்.

ஒரு குளிர்காலம் முழுக்க இதே வேலையாக இருந்தேன். வேலைக்குப் போகிற ரெயினில் போனை நோண்டி நோண்டி வாசித்தேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கடைசியில் மூன்று டப்பா வாங்கினேன். முதலாவது கரி குறைவு, ஆனால் புகை கூட. இரண்டாவது நன்றாக எரிந்தது, ஆனால் குளிரில் ஒருமாதிரியும் வெயிலில் வேறுமாதிரியும் நடந்துகொண்டது. மூன்றாவது டப்பாதான் நான் தேடிய மாப்பிள்ளை. வேட்டித் துண்டில் வெளிர் தேத்தண்ணிக் கறைதான் விழுந்தது. விரலை மூக்கருகில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய மணமே இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் சோபாவில் இருந்தேன். சுகந்தி எழும்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு முழு நாடகம் பார்த்தோம். எனக்கு அந்த நாடகத்தில் ஒரு சொல்லும் ஏறவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ரூபனிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் ஒரு கோதுக்குள் என் புது மருந்தைப் போடச் சொல்லி, கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தான்.

"மச்சான், இது அடியில எங்கயோ கிடக்கு. ஆளையே தெரியுதில்லை."

"அது வேகமா எரியிற மருந்தடா. கொஞ்சம் போட்டாக் காணும்."

"அதுதான் சொல்றன். உன்ர பழசு அரைவாசிக்கு மேல நிரம்பி நிக்கும். தவறி ரெண்டு தரம் போட்டியெண்டா வழிஞ்சு மேசையில கொட்டும், உனக்குத் தெரியவரும். இது ரெண்டு தரம் போட்டாலும் உள்ளயே பேசாமக் கிடக்கும்."

"நான் அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு மூண்டு தரம் போய்ப் பாக்கிறவன். எனக்குச் சொல்றாய்."

அது உண்மை. கார்க் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி நடந்து திரும்பிப் போகிறவன் நான். வீட்டில் என்னை வைத்துப் பகிடி பண்ணுவார்கள். ரோச் லைற் பழக்கமும் அதனால் வந்ததுதான். ஐம்பது கோதுகளையும் தட்டில் பத்துப் பத்தாக நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்ப்பேன். ஒன்று மட்டும் உயரமாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவேன். என் பயத்தை நான் அவ்வளவு நம்பியிருந்தேன்.

வெறுங்கையோடு அனுப்புவதில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்றாவது வரிசையில் மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது மேலே பெல் அடித்தது. ரூபனும் அவன் மனைவி அனுஷாவும். பிறம்ரனிலிருந்து விட்பி வரை ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு வந்தவர்கள், எங்களையும் எட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். நான் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு மேலே ஓடினேன். வழக்கமாக எழும்பும்போது, நிறுத்திய இடத்தில் ஒரு கோதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேன். அன்று வைத்தேனா என்று எனக்கு நினைவில்லை.

தேத்தண்ணி, வடை, ஊர்க்கதை. ஒரு மணித்தியாலத்தில் அவர்கள் வெளிக்கிட எழும்பினார்கள். சுகந்தி வழக்கம்போல் குசினிக்குள் ஓடிப்போய்த் தான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை ஒரு பையில் போடத் தொடங்கினாள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எவரும் வெறுங்கையோடு போனதில்லை. தூளோ, பொரிவிளாங்காயோ, ஒன்றுமில்லாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் காய்த்த நாலு மிளகாயோ, ஏதோ ஒன்று பையில் போகும்.

எனக்கும் அந்தப் புழு அரித்தது. அடுத்த சனி கிளப்பில் சின்னப் போட்டி ஒன்று; நான் சேரவில்லை, ரூபன் சேர்ந்திருந்தான். ரூபனுக்கு நான் முன்பும் இரண்டு தரம் ரவைப் பெட்டி கொடுத்திருக்கிறேன். ஒருவர் செய்த ரவையை மற்றவர் சுடக்கூடாது என்பது கிளப் விதி. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும். வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது என்ன விதி? நான் செய்ததை என் நண்பனுக்குக் கொடுக்க ஒரு நோட்டீஸைக் கேட்க வேண்டுமா என்று நினைத்தவன் நான்.

"ரூபன், அஞ்சு நிமிசம் நில்லு. ஒரு சாமான் தந்துவிடுறன்."

"வேண்டாமடா, நேரமாகுது."

"பொறு எண்டுறன்."

பேஸ்மென்றுக்கு இறங்கினேன். மூன்றாவது வரிசையில் விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து தொடங்கி மிச்சத்துக்கு மருந்து போட்டேன். ஐம்பதையும் மூடினேன். பெட்டியில் அடுக்கி, மாஸ்கிங் ரேப் ஒட்டி, "ரூபனுக்கு" என்று எழுதினேன். வாசலில் சுகந்தி தூள் பையை அனுஷாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் பெட்டியை ரூபனின் கையில் திணித்தேன்.

"சனிக்கிழமை இதாலதான் சுடுறாய், என்ன?"

"ஓம் மச்சான். இதாலதான். போனமுறை தந்ததும் திறமா இருந்தது."

சந்தோஷமாகக் கை காட்டினேன்.

அந்த அவதியில் நான் ரோச் லைற்றைத் தேடவில்லை. தேடியிருந்தால் காணவில்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் செய்கிற வேலை, ஆகவே அன்றும் செய்தேன் என்று என் மண்டை தன்பாட்டில் எழுதி வைத்துவிட்டது.

வடக்கே

ரூபனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கிளப்புக்குப் போனால் போனின் சத்தத்தை நிற்பாட்டிக் காருக்குள் போட்டுவிடுவான். கிளப் நம்பருக்கு அடித்தால் சனிக்கிழமைகளில் மெசின்தான் கதைக்கும். அனுஷாவுக்கு அடித்தேன். அவள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் நின்றாள்.

"அவர் எட்டு மணிக்கே வெளிக்கிட்டிட்டார் அண்ணை. ஏன், என்ன?"

"ஒண்டுமில்லை, சும்மா" என்றேன். அவளுக்கு என்னத்தைச் சொல்வது? உன் புருஷனின் கையில் நான் ஒரு குண்டைக் கொடுத்துவிட்டேன் என்றா?

மகள் ஆரணி மேலேயிருந்து இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்பா, ஜஸ்ட் கோ. நான் அங்கிளுக்கு அடிச்சுக்கொண்டே இருக்கிறன்" என்றாள். சுகந்தி லாச்சிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தாள். ரோச் லைற் அவள் கையில் இருந்தது.

நெடுஞ்சாலை நானூற்றி ஏழில் ஏறி மேற்கே போய், நானூறில் வடக்கே திரும்ப வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வசந்தம் பிறந்தும் வயல்களின் ஓரத்தில் ஊத்தைப் பனி கிடந்தது. ஹீற்றர் போடவில்லை, ஆனாலும் வேர்த்தது.

ரூபனின் கையைப் பற்றியே யோசித்தேன். அந்தக் கைதான் அவன் குடும்பத்துக்குச் சோறு. லொறிக்காரருக்குக் கண் பார்வைச் சோதனையும் உண்டு. ஒரு கண் போனால் அவன் லொறி ஓட முடியாது. இரண்டு பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். என் வீட்டில் மணம் வரக்கூடாது என்பதற்காக நான் தெரிந்தெடுத்த மருந்து, அவன் கையில் வெடிக்கப் போகிறது. இதை எந்த வாயால் சொல்வேன்?

நடுவில் ஆரணி அடித்தாள். "எடுக்கிறாரில்லை அப்பா. இற்ஸ் கோயிங் ரு வொய்ஸ்மெயில். பத்துத் தரம் அடிச்சிட்டன்."

"அடி பிள்ளை. விடாத."

ஒருவேளை நான் பிழை விடாமலும் இருந்திருக்கலாம். கோதைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். சரியான இடத்திலிருந்தே தொடங்கியிருக்கலாம். என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் அடுப்பை மூன்று தரம் பார்க்கிறவனுக்கு "இருந்திருக்கலாம்" என்ற சொல் உதவாது.

கிளப்பின் மண் ரோட்டில் திரும்பியபோது பத்து மணி தாண்டிப் பதினைந்து நிமிடம். கண்ணாடியை இறக்கினேன். வெடிச்சத்தம் கேட்டது. போட்டி தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு வெடியையும் எண்ணினேன். ஐந்து வெடி. ஒரு இடைவெளி. திரும்ப ஐந்து. ஒவ்வொரு இடைவெளியிலும் யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். ஊரில் பங்கருக்குள் இருந்தபோதுகூட நான் வெடியை இப்படி எண்ணியதில்லை. அப்போது பயந்தது எனக்காகத்தான்.

சுற்றிப் பார்க்கிறவன்

காரைக் குறுக்கே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். வேலிக் கதவடியில் கிளப் பொறுப்பாளர், உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி, கையை நீட்டி மறித்தார். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போடாமல் உள்ளே விடமாட்டார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் கதைத்த ஆங்கிலம் அத்தனையும் போய்விட்டது. "ரூபன், ரூபன்" என்று மட்டும் சொன்னேன்.

"என்னடா, என்ன நடந்தது?"

பின்னாலிருந்து குரல் கேட்டது. ரூபன் கார் நிறுத்துமிடத்தில், தன் காரின் பின் மூடியைத் திறந்துவைத்து, அதில் இருந்து ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

"சுட்டிட்டியோ?"

"இல்லை, என்ர முறை ரெண்டாவது குறூப். ஏன்ராப்பா, சுகந்திக்கு ஏதும்?"

"என்ர பெட்டி எங்க? சுடாத. அதைச் சுடாத ரூபன். நான் பாக்கேல்லை. ரோச் லைற் லாச்சிக்குள்ள கிடந்தது. ரெண்டு தரம் போட்டிருப்பன். நான் பாக்கேல்லையடா."

அவனுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் அவன் முகத்தில் பயம் வரவில்லை. கூச்சம் வந்தது. அழைக்காத பந்தியில் பிடிபட்டவனைப் போலத் தலையைக் குனிந்து, மேலதிக ரயர்ச் சில்லை மூடியிருந்த பலகையை உயர்த்தினான். அதற்குள் மூன்று பெட்டிகள். மூன்றிலும் மாஸ்கிங் ரேப். மூன்றிலும் என் கையெழுத்தில் "ரூபனுக்கு".

ஒன்றிலும் ஒரு ரவைகூடக் குறையவில்லை.

"நான் ஒருநாளும் உன்ர ரவை சுட்டதில்லை மச்சான்" என்றான்.

"திறமா இருந்தது எண்டு சொன்னாய்?"

"வேற என்னத்தைச் சொல்ல? ஆசையாச் செய்து தாறாய். வேண்டாமெண்டா மறுகா ஆறு மாசம் முகத்தைத் தூக்கி வச்சிருப்பாய்."

நான் சரளைக்கல்லில் அப்படியே இருந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அந்தப் பெண்மணி தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ரூபன் பக்கத்தில் குந்தினான். "உன்னில நம்பிக்கை இல்லாம இல்லையடா. நான் லொறிக்காரன். முதல் ஓடின ட்ரைவர் எல்லாம் சரியெண்டு எழுதி வச்சிருப்பான். நல்ல மனுசனாத்தான் இருப்பான். எண்டாலும் நான் இறங்கி ஒருக்கா லொறியைச் சுத்தி வந்து, பிறேக்கும் சில்லும் பாத்துத்தான் எடுப்பன். உன்ர ரவையை எப்பிடிச் சுத்திப் பாக்கிறது? அது மூடிக் கிடக்கே."

உண்மையைச் சொல்ல வேண்டும். அழுது முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எனக்குள் ஒரு சின்னக் கோபம் எட்டிப் பார்த்தது. இருபது வருட நண்பன். மூன்று பெட்டி. ஒன்றையும் தொடவில்லையே! பிறகு அவன் ஃபிளாஸ்க் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப சுகந்தி தந்துவிடுற மிளகாய்த்தூள்? அதையும் பலகைக்குக் கீழதான் வச்சிருக்கிறியளோ?"

"சீ, அதைச் சாப்பிடுறம். அது வெடிச்சா வயிறு மட்டும்தானே!"

அன்று இரண்டாவது குறூப்பில் அவன் கடையில் வாங்கிய ரவையால் சுட்டான். கடைசிக்கு முதல் ஆளாக வந்தான்.

வெள்ளைப் பீங்கான்

அடுத்த நாள் பிறம்ரனில் அவன் கராஜில் மூன்று பெட்டிகளையும் பிரித்தோம். ரவையைப் பிரிப்பதற்குச் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்ரிக் கருவி இருக்கிறது. அதற்குள் ரவையை வைத்துப் பலகையில் அடித்தால் சன்னமும் மருந்தும் கழன்று விழும். அவன் அடித்தான். நான் அனுஷா தந்த வெள்ளைப் பீங்கானில் ஒவ்வொன்றையும் கொட்டி, சின்னத் தராசில் நிறுத்தேன்.

முதல் இரண்டு பெட்டிகளிலும் ஒரு பிழையும் இல்லை. மூன்றாவது பெட்டியிலும் பாதி தாண்டிவிட்டது. எனக்கு மெல்ல மெல்ல மூச்சு வந்தது. வீணாகத்தான் ஊரைக் கூட்டினேனோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒன்றைக் கொட்டினேன். பீங்கானில் விழுந்த குவியலைப் பார்த்ததுமே தெரிந்தது. தராசில் வைத்தேன். சரியாக இரண்டு மடங்கு.

ரூபன் சுத்தியலைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. தன் வலக்கையை விரித்து, மூடி, திரும்ப விரித்தான். பிறகு மிச்சத்தையும் பிரித்து முடித்தோம். மருந்து முழுவதையும் அவன் பின்வளவுப் புல்லில் தூவினான். புல்லுக்கு நல்ல பசளையாம்.

அந்த மூன்றாவது டப்பாவில் மிச்சமிருந்ததையும் அங்கேயே கொட்டினேன்.

இப்போது நான் திரும்பவும் பழைய மருந்துதான் பாவிக்கிறேன். இரண்டு தரம் போட்டால் வழிந்து கொட்டுகிற, கரி பிடிக்கிற அதே ஊத்தை மருந்து. எனக்கு மட்டும்தான் செய்கிறேன். ஒருவருக்கும் கொடுப்பதில்லை. ரோச் லைற்றை மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

திரும்பவும் பழைய மருந்தில் சுட்ட முதல் சனிக்கிழமை கராஜில் அரை மணித்தியாலம் நின்றேன். தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன், சவர்க்காரம் போட்டேன். போகவில்லை. சுகந்தி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்ன, திரும்பவும் மணக்குது?"

மருந்தை ஏன் மாற்றினேன் என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன். நீர் எழும்பிப் போவது எனக்குத் தாங்கவில்லை, அதனால்தான் மாற்றினேன், அதனால்தான் ரூபனின் கை போகப் பார்த்தது என்று. சொல்லிவிட்டு, "இனிச் சுடப் போகேல்லை எண்டாலும் சரி" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து, கராஜ் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்களில் கரி இருந்தது.

"மணந்தா மணக்கட்டும்" என்றாள். "நான் யன்னலைத் திறந்துவிடுறன். நீங்கள் ரெண்டு கையோடயும் வந்தாக் காணும்."